நெழலண்ணனும் மோட்டார் சொன்ன ‘ஆமா’வும்

கம்பம் பள்ளத்தாக்கை இந்த மலையிலிருந்து அந்த மலை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் நெழலண்ணனைப் போல உட்காரத் தெரியாத மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். சாப்பிடுவது நின்றுகொண்டு. டைப் அடிப்பது நடந்துகொண்டு. பஸ்ஸில் சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் ஊர் வந்து சேருவார். செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து கண்டக்டர்கள் அவருக்கு வணக்கம் வைத்ததுண்டு. அவரும் பதில் வணக்கம் வைத்துவிட்டு நடையைத் தொடர்வார்.

தேனியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிப்பார்கள். அதில் வருகிற மரம், சுவர், வானம் எல்லாம் எங்கள் மாடியில் தயாராகும். நான் இலை போடுகிறவன். அதாவது திரையில் நிற்கிற மரத்துக்கு இலை. அந்த இலையின் நிழல் எங்கே விழ வேண்டும், எவ்வளவு கறுப்பாக விழ வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவர் அவர். ஆபீஸில் நிழல்காரர் என்றோம். டயர் கடைக்காரர்கள் வாயில் அது நெழலு ஆயிற்று. வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் ஒரு அண்ணனைச் சேர்த்துக்கொண்டோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மானேஜர் ஆசைப்பட்டு அவருக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். அதில் கூரியர் கவர்கள் உட்கார்ந்தன. மழைக்காலத்தில் ரெயின்கோட் உட்கார்ந்தது. நெழலண்ணன் லேப்டாப்பை இடது கையில் ஏந்தி, வலது கையால் தட்டியபடி ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருப்பார். ஒரு நாள் அந்த யோசனையிலேயே படியிறங்கி, டயர் கடையையும் தாண்டிப் போய்விட்டார். பிடுங்கிக்கொண்ட சார்ஜர் ஒயர் படிக்கட்டில் அநாதையாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் ஆளைத் தேட ஆரம்பித்தோம்.

“உக்காந்து பண்ணுங்கண்ணே. ஒங்களைப் பாத்துப் பாத்து எனக்குக் காலு கடுக்குது” என்பார் மானேஜர்.

“உக்காந்தா மண்டையும் சேந்து உக்காந்துருதுய்யா” என்பார் நெழலண்ணன், மானேஜரைத் தாண்டிப் போய்க்கொண்டே.

வடுகபட்டியில் எங்கள் ஆபீஸ் நண்பன் கல்யாணம். தாலி கட்டப் போகிற நேரம். நெழலண்ணன் விறுவிறுவென்று மேடையில் ஏறினார். மொய்க் கவர் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் நேராக வீடியோக்காரரின் விளக்கைப் பிடித்துத் திருப்பினார்.

“ஏலே, யாருடா அது?” என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார்.

“மாப்ளைக்கு ரெண்டு நெழலு விழுகுதுங்க. பாக்கச் சகிக்கல” என்றார் இவர்.

“ரெண்டு நெழலா? ஆத்தாடி, என்னமும் தோசமா?” என்று பெண் வீட்டுப் பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார். மேளக்காரர் குச்சியை இறக்கினார். ஐயர் பஞ்சாங்கத்தைத் தேடினார். விளக்கு இரண்டு இருந்தால் நிழலும் இரண்டு விழும் என்று நெழலண்ணன் மைக்கில் பாடம் நடத்தி, ஒரு விளக்கை அணைத்து, மாப்பிள்ளையை ஒற்றை நிழல்காரராக ஆக்கிய பிறகுதான் கெட்டிமேளம் கொட்டியது. அந்த வீடியோக்காரர் இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் செய்த பாவம், பந்தியில் நெழலண்ணனுக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டது.

இந்த மனிதரை உலகத்தில் ஒரே ஒருவர்தான் அதட்ட முடியும். அவருடைய அண்ணன். அப்பா அம்மா போனபிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவர். கோம்பைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. தொழில் ஜீப் ஓட்டுவது. காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்து விடுவார். மலைக் குளிருக்கு ஒரு காக்கிக் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். அதைக் கீழே வந்தும் கழற்ற மாட்டார். தொண்டையோ ஹாரன் தேவைப்படாத தொண்டை. தம்பி லீவுக்கு வந்து தோப்புக் கிணற்றைச் சுற்ற ஆரம்பித்ததும் அந்தத் தொண்டை திறக்கும்.

“ஏலே, ஒரு எடத்துல உக்காருடா! ஒன்னையப் பாத்தா தலை சுத்துதுடா. கொண்டை ஊசி வளைவுல கூட எனக்கு இப்பிடிச் சுத்துனதில்ல!”

தம்பி நிற்க மாட்டார். அவர் பின்னாலேயே வீட்டுக் கோம்பை நாயும் சுற்றும். அந்த நாய் வேறு யாருக்கும் வாலாட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அண்ணன் மலையிறங்கி, வேலையாட்களை அவரவர் ஊரில் இறக்கிவிட்டு, ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை உருவினார். அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கட்டு. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் கை இல்லை, கால் இல்லை, பேச்சு இல்லை. கண் நேராகப் பார்த்தபடி நிற்கும். இமை தன்னிஷ்டத்துக்கு மூடும், திறக்கும்.

“காது கேக்கலாம், புரியலாம். புரியாமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியலை. நீங்க பேசிக்கிட்டே இருங்க” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

உள்ளே அண்ணன் இருக்கிறாரா, இல்லையா? நெழலண்ணனுக்கு அதற்குப் பிறகு வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, “பாவம், ஒண்ணும் தெரியாதுல்ல” என்று சொல்லிவிட்டு, அவர் தலைக்கு மேலேயே அவர் தோப்பைப் பற்றிப் பேசினார்கள். “மெதுவாப் பேசுங்க. அவுக கேட்டுக்கிட்டு இருக்காக” என்பார் நெழலண்ணன். “ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?” என்பார்கள். இவர் கிணற்றைச் சுற்றப் போய்விடுவார். நாயும் கூடவே போகும். அவருடைய மதினி மட்டும், அண்ணன் மனைவி, யார் என்ன சொன்னாலும் தினமும் வீட்டு நடப்பு அத்தனையையும் புருஷன் காதில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் அவர் நடை தாறுமாறாகிவிட்டது. முன்பெல்லாம் ஹாலை வட்டமாகச் சுற்றுவார். இப்போது சுவர் வரை போய் முட்டிக்கொண்டு திரும்பினார். இப்படி இருந்தவர் ஒரு மத்தியானம் நடைபாதையில் அசையாமல் நின்றார். மேலே ஸ்டார்ட்டர் போன ஒரு டியூப்லைட், பக் பக்கென்று மினுங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. மானேஜர் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

“ஒரு வெளிச்சம் மினுங்குதுன்னு வச்சுக்க” என்றார் நெழலண்ணன் என்னிடம். “அதை நீ கவனிச்சேன்னா, ஒன் மண்டைக்குப் பின்னாடி மூளை அதே வேகத்துல துடிக்குமாம். படிச்சேன். திரையில ரெண்டு கட்டம் போடுறோம். ஒண்ணு வேகமா மினுங்கும், அது ஆமா. இன்னொண்ணு மெதுவா மினுங்கும், அது இல்ல. கண்ணு நடுவுலயே நிக்கட்டும், மனசு எந்தக் கட்டத்துக்குப் போகுதோ அந்தத் துடிப்பை மண்டைலேருந்து எடுத்துரலாம்.”

“இதெல்லாம் பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்க வேலைண்ணே.”

“மினுக்கலைப் பத்தி என்னையவிட அவுகளுக்கு என்ன தெரியும்?”

அது நியாயமான கேள்வி. நிழல் வேலையில் பெரிய சனியனே மினுக்கல்தான். திரையில் ஆள் நடந்தால் நிழலின் ஓரம் நடுங்கும், துடிக்கும். அதை அடக்குவதிலேயே பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர் அவர். இனிமேல் மினுங்க வைக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். நிழல் வேலை போக மீதி நேரமெல்லாம் மூளையைப் பற்றிப் படிப்புதான். நடந்துகொண்டே.

மூளைத் துடிப்பைப் பிடிக்க மண்டையில் ஒட்டுகிற வில்லைகளும் அதற்கான சின்னக் கருவியும் பார்சலில் வந்தன. வில்லைகளைப் பொருத்த ஒரு தொப்பி வேண்டுமே. அண்ணனின் காக்கிக் குல்லாவையே எடுத்துவந்து டெய்லரிடம் கொடுத்துத் தைத்தார். வில்லை தலையில் ஒட்ட ஒரு பசை வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது தடவுகிற ஜெல்லை மெடிக்கலில் கேட்டிருக்கிறார். கல்யாணமாகாத மனிதர் மாதா மாதம் ஸ்கேன் ஜெல் வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? “நெழலண்ணன் வீட்டுல யாரு மாசமா இருக்காக?” என்று டீக்கடையில் என்னைத்தான் ரகசியமாகக் கேட்டார்கள்.

முதல் சோதனை எலி நான். குல்லாவை மாட்டி, ஜெல் காதில் வழிய, மினுங்குகிற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்தேன். “பசிக்குதா?” என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. திரையில் ‘ஆமா’ என்று வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்தது மானேஜர். “இந்த வருசம் சம்பளம் கூடுமா?” என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே “பாப்போம், பாப்போம்” என்றார். திரையில் ‘இல்ல’ என்று வந்தது. கருவி சரியாக வேலை செய்கிறது என்று ஆபீஸே ஒத்துக்கொண்டது.

கோம்பைக்குப் போன அன்று சேதி எப்படியோ பரவி, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அண்ணனுக்குக் குல்லாவை மாட்டினோம். தன் குல்லாவே என்பதால் பாந்தமாகப் பொருந்தியது. கண்ணுக்கு நேரே திரை.

“அண்ணே, நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார் நெழலண்ணன்.

‘ஆமா.’

வீடே ஓவென்று அழுதது. நானும்தான்.

“நாங்க பேசுறது கேக்குதா?” ஆமா. “வலி இருக்கா?” ஆமா. “வலி இல்லையா?” ஆமா. இங்கேயே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அழுகையில் உறைக்கவில்லை. அதற்குள் சின்னமனூர் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“ஏப்பா, என் மகளை ஒன் தம்பிக்குக் கட்டிக் குடுக்கட்டுமா?”

‘ஆமா.’

“கேட்டீகளா, எல்லாரும் கேட்டீகளா?” என்று அத்தை சம்பந்தத்தை அங்கேயே முடித்துவிட்டார். நெழலண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வேலியோரத் தென்னை என்னுதுதானே என்று பக்கத்துத் தோப்புக்காரர் கேட்டார். ஆமா. வரிசை வாசல் வரை நீண்டது.

கடைசியில் மதினி வந்தார். கணவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வாசல்ல சும்மாதானே நிக்குது, ஜீப்பை வித்துரட்டுமா?”

‘ஆமா.’

மதினி எழுந்துவிட்டார். “இது அவுக இல்லப்பா” என்றார். “ஜீப்பு மேல கைய வச்சா கட்டில்லேருந்து எந்திரிச்சு அடிக்க வருவாக. இது வேற என்னமோ.”

கூட்டம் அமைதியாயிற்று. அந்த அமைதியில்தான் ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தோப்பு மோட்டார். விவசாயத்துக்கு மும்முனைக் கரண்ட் வருகிற நேரம் வந்ததும் தானாகவே ஓடும்படி எங்கள் பக்கம் எல்லாருமே மோட்டாரை ஆட்டோவில் போட்டு வைத்திருப்போம். அதன் கேபிள் கட்டிலை ஒட்டிய சுவரில்தான் போயிற்று. நெழலண்ணன் மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய் பீஸ் கட்டையைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. திரையில் இருந்த ‘ஆமா’வும் அணைந்தது. அதன்பின் எதைக் கேட்டாலும் திரை வெறுமனே கிடந்தது.

இவ்வளவு நேரம் பேசியது அண்ணன் இல்லை, ஐந்து குதிரைசக்தி மோட்டார்.

“திரையில வண்டிச் சக்கரம் சில நேரம் பின்னாடி சுத்துற மாதிரித் தெரியும்ல?” என்றார் நெழலண்ணன். “வேகமா ஓடுறது, மெதுவா ஓடுற மாதிரி கண்ணைக் கட்டும். அதே தப்புத்தான். கேபிள்ல ஓடுற மோட்டார் கரண்டோட துடிப்பு, அண்ணன் துடிப்பு மாதிரியே கணக்குல வந்து விழுந்திருச்சு. அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கத்தான்யா எனக்குச் சம்பளமே குடுக்குறாக.”

சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுந்து நடங்கண்ணே என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது. “மோட்டாரு சொன்னா என்ன, நல்லதைத்தானே சொல்லிருக்கு” என்று அத்தை மட்டும் கிளம்பும் வரை வாதாடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நெழலண்ணன் எழுந்துவிட்டார். எழுந்தவர் பழையபடி நடக்கவில்லை, ஓடினார். கணக்கையெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். புதுச் சட்டங்கள் வந்தன. கேள்வி கேட்கும்போது மோட்டார் பீஸ் கட்டை அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் அணைய வேண்டும். செல்போன்கள் கிணற்றடிக்குப் போய்விட வேண்டும். எந்தக் கேள்வியையும் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும். இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் கணக்கு. தென்னைக்குத் தண்ணீர் பாயவில்லை. வேர்த்து ஒழுகியபடி கட்டிலைச் சுற்றி நாங்கள் நிற்போம். திரை பேசாது. பேசினாலும் உளறும். மாதக்கணக்கில் இதே கதை. சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவருக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதினிக்குப் பொறுமை போய், “இந்தா பாருங்க, நெசமாவே ஜீப்பை வித்துரப் போறேன். விக்கட்டுமா?” என்றார்.

‘இல்ல.’

நெழலண்ணன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பீஸ் கட்டை இருந்தது.

“அண்ணே, ஜீப்பு வாசல்லயே நிக்கட்டுமா?”

‘ஆமா.’

அந்த ‘இல்ல’வுக்கு அந்த வீட்டில் நடந்த கொண்டாட்டத்தைச் சொல்லி மாளாது. மதினி சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். “எங்க வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாக! ஜீப்பை விக்க மாட்டேன்னுட்டாக!” என்று வீடு வீடாகச் சொல்லிச் சர்க்கரை கொடுத்தார். நெழலண்ணன் அழுதுகொண்டே கிணற்றைச் சுற்றினார். நாய் பின்னால் ஓடியது. நானும் ஓடினேன், என்ன செய்வதென்று தெரியாமல். அத்தையும் விஷயம் கேள்விப்பட்டு அடுத்த வாரமே வந்து, கல்யாணக் கேள்வியை மறுபடி கேட்டார். ‘இல்ல’ என்று வந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டார். அதற்கும் அண்ணன் மசியவில்லை.

இதெல்லாம் எப்படியோ வெளியே தெரிந்து, தூரத்து ஊரில் மூளை ஆராய்ச்சி செய்கிற ஒரு கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. இங்கேயே வந்து முழுநேரமும் இந்த வேலையைப் பாருங்கள், உங்கள் அண்ணனைப் போல நிறையப் பேர் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, அவரைத் தவிர.

“இப்பத்தான் அவுக பேசவே ஆரம்பிச்சிருக்காக. விட்டுட்டு எப்பிடிய்யா போறது?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே நடந்தார். வெயில் இறங்கும் வரை கிணற்றைச் சுற்றினார். நாய்கூடக் களைத்துப் படுத்துவிட்டது.

பிறகு உள்ளே போய், பீஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அண்ணனுக்குக் குல்லாவை மாட்டினார்.

“அண்ணே, நான் போகட்டுமா?”

‘ஆமா.’

“இங்கனயே இருந்துரட்டுமா?”

‘இல்ல.’

அப்புறமும் அவர் வெளியே போகவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, சின்ன வயதிலிருந்து அவர் வாங்கிய வசவையே கேள்வியாகக் கேட்டார்.

“அங்கன போயாச்சும் ஒரு எடத்துல உக்காரணுமாண்ணே?”

இரண்டு கட்டங்களும் மினுங்கிக்கொண்டே இருந்தன. நாங்கள் காத்திருந்தோம். நிதானமாக, யோசித்துச் சொன்னது போல வந்தது.

‘இல்ல.’

அந்தக் கேள்வியை மட்டும் நெழலண்ணன் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை.

போய்விட்டார். அந்த ஊர் ஆராய்ச்சிக் கூடத்தில் வராந்தா நீளமானதாம், நடக்க வசதியாம். இங்கே மதினி தினமும் மோட்டார் பீஸைப் பிடுங்கிவிட்டுப் புருஷனோடு சண்டை போடுகிறார்; பாதிச் சண்டையில் அண்ணன்தான் ஜெயிக்கிறார். எங்கள் மாடியில் அந்தச் சுழல் நாற்காலி அப்படியேதான் கிடக்கிறது. கூரியர் கவரைத் தவிர யாரையும் அதில் உட்கார மானேஜர் விடுவதில்லை. மற்றபடி எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, ஒழுங்காக வேலை பார்க்கிறோம். நன்றாகவே இல்லை.